உப்புக்காற்றில் பூட்டிக் கிடந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி: கழுவியதும் பழுது பார்த்ததும்

தூத்துக்குடியில் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்துக்குச் சொந்தமான ஆறு அங்குலத் தொலைநோக்கி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆய்வக அறையின் மூலையில் கிடந்த பிறகு, இந்தப் பங்குனியில் மீண்டும் வியாழனின் பட்டைகளைக் கூர்மையாகக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அதைப் பிரித்து, கழுவி, புதுப்பூச்சுக்கு அனுப்பி, திரும்பப் பொருத்திய வேலையை வரிசைப்படி இங்கே எழுதி வைக்கிறேன். கடலோர ஊர்களின் பள்ளிகளில் இதைப்போலப் பூட்டிக் கிடக்கும் கருவிகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைத் திறப்பவர் முதல் வேலையாக ஒரு துணியை எடுத்து ஆடியைத் துடைத்துவிடக் கூடாதே என்ற கவலைதான் என்னை இவ்வளவு விரிவாக எழுத வைக்கிறது.

கருவி நியூட்டன் வகையைச் சேர்ந்தது: குழலின் அடியிலுள்ள குழிந்த முதன்மை ஆடி ஒளியைக் குவிக்க, மேல்வாயருகே உள்ள சிறு துணை ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் கண்ணருகு வில்லைக்கு அனுப்பும். முதன்மை ஆடியின் விட்டம் 150 மி.மீ., குவியத் தொலைவு 1200 மி.மீ., அதாவது விட்டத்தைப்போல எட்டு மடங்கு (எஃப்/8). ஆடியின் தடிமன் 25 மி.மீ., எடை ஏறத்தாழ 1.1 கிலோ. கார்போரண்டம் தூளைக் கொண்டு கையாலேயே தேய்த்து, பிட்ச் தட்டில் மெருகேற்றிச் செய்த ஆடி அது. குழலுக்கு 200 மி.மீ. பி.வி.சி. குழாய்; தாங்கிக்கு ஒட்டுப்பலகையால் செய்த டாப்சன் பெட்டி, அதாவது குழலைக் கையால் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கி. 2010 ஜனவரி 15 அன்று தென் மாவட்டங்களில் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தின்போது, இதன் வழியாகச் சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச்செய்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். அதன்பின் குழலின் இரு வாயையும் பாலித்தீன் தாளால் கட்டி, கண்ணருகு வில்லைகளைப் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போனதற்கும் அந்தக் கட்டுதான் காரணம்.

எதையும் தொடுவதற்கு முன் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை சில இருந்தன. டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் நேற்றுப் பூசிய ஆடிகூட அழுக்காகத்தான் தெரியும். அந்த ஒளியில் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்று தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டேன். அறையை இருட்டாக்கி, 9 வாட் எல்.இ.டி. பல்பை ஆடியின் பின்புறம் பிடித்து, முன்புறத்திலிருந்து பார்ப்பதுதான் பயனுள்ள சோதனை. அலுமினியப் பூச்சின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது அரிக்கப்பட்ட இடங்களில் வெளிச்சம் ஊசித்துளைகளாகக் கசியும். இந்த ஆடியில் நடுப்பகுதி ஓரளவு நன்றாக இருந்தது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துளைகள் நெருக்கமாக இருந்தன. ஒரு பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் பால்நிற மங்கல் படர்ந்திருந்தது. முன்பு யாரோ வட்டமாகத் துடைத்த கோடுகளும் வில் வில்லாகத் தெரிந்தன.

இந்தத் துளைகளுக்கு வெறும் ஈரம் மட்டும் காரணமல்ல. உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஊரில் தூசியோடு உப்புத் துகளும் வந்து படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு நீரை உறிஞ்சித் தானே கரைந்து நுண்துளியாகிவிடும். அந்தத் துளியிலுள்ள குளோரைடு, அலுமினியத்தின் மேல் இயல்பாகவே உருவாகும் ஆக்சைடு படலத்தைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. இங்கே இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வாடிக்கை என்பதால், ஆடியின் மேல் விழுந்த ஒவ்வொரு துகளும் ஆண்டு முழுவதும் கரைவதும் உலர்வதுமாக இருந்திருக்கும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுத்தேன். ஆடியின் விளிம்பிலும் அதைத் தாங்கும் கிண்ணத்திலும் குழலிலும் ஒரே நேர்க்கோட்டில் பென்சிலால் குறியிட்டேன். திரும்பப் பொருத்தும்போது ஆடி பழைய நிலையிலேயே அமர வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல, பின்னால் ஏதேனும் கோளாறு தெரிந்தால் ஆடியைத் திருப்பிப் பார்த்து மூலத்தைக் கண்டுபிடிக்கவும் இந்தக் குறி வேண்டும். அந்தத் தேவை பின்னால் உண்மையாகவே வந்தது. குழலின் மேல்வாயில், துணை ஆடியைத் தாங்கும் தகட்டுக் கால்களில் ஒன்றின் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பாலித்தீன் எப்போதோ கிழிந்திருக்க வேண்டும். அதைக் குழலுக்குள் வைத்துச் சுரண்டினால் மண் நேராக முதன்மை ஆடியின் மேல் விழும். ஆகவே முதலில் அடிப்பக்கத்துக் கிண்ணத்தை ஆடியோடு கழற்றி எடுத்து, பிறகு குழலைத் தலைகீழாக நிறுத்திக் கூட்டை ஈரப்படுத்தி எடுத்தேன்.

இனி கழுவுவது. இதில் அவசரமே கூடாது. முதலில் ரப்பர் ஊதுபந்தால் (₹220) தளர்ந்த தூசியை ஊதி வெளியேற்ற வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் தடித்த துண்டை விரித்து, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஆடியை முகம் மேலே பார்க்க வைத்தேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் மிகவும் கடினமானது. அது காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். அதனால் தொடக்க அலசலுக்கு வடிகட்டிய குடிநீரையும், மற்ற எல்லாவற்றுக்கும் வாலை வடித்த நீரையும் பயன்படுத்தினேன். வாலை நீருக்கு ஆன செலவு ₹240. சாய்த்துப் பிடித்த ஆடியின் மேல் சில நிமிடங்கள் நீரை மெல்ல ஓடவிட்டபோதே தூசியின் பெரும்பகுதி போய்விட்டது. பொறுமையில்லாதவர் விட்டுவிடும் படி இதுதான். மணல் துகள் ஒன்று ஆடியின் மேல் இருக்கும்போது பஞ்சை இழுத்தால், அந்தப் பஞ்சே உப்புத்தாள் ஆகிவிடும்.

அடுத்து, வாலை நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டே சொட்டு கலந்து ஆடியை அரைமணி நேரம் ஊறவிட்டேன். கைக்கு மென்மை தரும் எண்ணெயோ கடும் வாசனையோ சேர்க்காத திரவமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஊறிய பின், நீருக்குள்ளேயே, மருந்துக்கடையில் விற்கும் அறுவை சிகிச்சைப் பஞ்சை (₹80) உருண்டையாகப் பிடித்து, அதன் சொந்த எடை மட்டுமே ஆடியின் மேல் படும்படி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரே நேர்க்கோட்டில் இழுத்தேன். இழுக்கும்போதே உருண்டையைச் சற்று மேல்நோக்கி உருட்டினால், பஞ்சில் ஒட்டிய துகள் மறுபடி ஆடியைத் தொடாது. ஒரு உருண்டை ஒரு இழுப்புக்குத்தான். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வட்டமாகத் துடைப்பதும், ஒரே இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் அறவே கூடாது. போகாத கறையை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி, ஏனென்றால் ஒரு கறை மறைக்கும் ஒளியைவிட ஒரு கீறல் சிதறடிக்கும் ஒளி அதிகத் தொல்லை தரும். கடைசியாக மேலும் இரண்டு லிட்டர் வாலை நீரை மேலிருந்து ஓடவிட்டு, ஆடியை ஏறத்தாழ செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தினேன். நீர் தானாகவே தாள்போல வழிந்து இறங்கியது. விளிம்பில் தேங்கிய சில துளிகளை மட்டும் மெல்லிய தாளின் மூலையால் தொட்டு எடுத்தேன்.

துணை ஆடியையும் அதே முறையில் கழுவினேன். அதன் குறுவிட்டம் 32 மி.மீ., தடிமன் 6 மி.மீ.தான். மரத்துண்டை 45 பாகையில் வெட்டி, அதன் மேல் அதை ஒட்டியிருந்தார்கள். மரம் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றிக் கழுவ வேண்டியிருந்தது. அதில் பழைய கைரேகை ஒன்று இருந்தது. அழுக்கு போன பிறகும் ரேகையின் தடம் மட்டும் பூச்சில் அரிப்பாக நின்றுவிட்டது.

கண்ணருகு வில்லைகள் இரண்டு: 25 மி.மீ., 10 மி.மீ., இரண்டும் பிளாசல் வகை. பெட்டியின் பஞ்சு பிசுபிசுத்துப் பொடியாகி, வில்லைகளின் உலோகத்தில் அப்பியிருந்தது. இரண்டிலும் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தது. பிளாசல் அமைப்பில் ஒட்டிய இரட்டை வில்லைகள் இரண்டு, அதிகம் குவிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அமைந்திருக்கும். நடுவே ஒரு இடைவளையம். எல்லாவற்றையும் ஒரு மரை வளையம் இறுக்கிப் பிடிக்கிறது. வளையத்தில் எதிரெதிராக இரு வெட்டுகள் இருக்கும். அதைத் திருகும் கருவி தனியாக விற்கிறது என்றாலும், கணிதப் பெட்டியிலிருக்கும் கவராயத்தின் இரு முனைகளையும் அரத்தால் தட்டையாக்கியே கழற்றிவிட்டேன். கழற்றும்போது ஒவ்வொரு வில்லையின் ஓரத்திலும் பென்சிலால் அம்புக்குறி போட்டு, எந்தப் பக்கம் கண்ணை நோக்கியது என்று குறித்துக்கொண்டேன்.

பூஞ்சைக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 6 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை (₹30) பஞ்சுக்குச்சியில் நனைத்துச் சில நிமிடம் பரப்பில் ஈரமாக வைத்திருந்து, வாலை நீரால் துடைத்து, கடைசியில் 99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் (அரை லிட்டர் ₹320) முடித்தேன். இரட்டை வில்லையை எந்தத் திரவத்திலும் ஊறவைக்கவில்லை. நடுவிலுள்ள ஒட்டுப்பசைக்குள் திரவம் புகுந்தால் வானவில் நிறத்தில் திட்டுகள் தோன்றும்; அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. 25 மி.மீ. வில்லை முழுமையாகத் தெளிந்துவிட்டது. 10 மி.மீ. வில்லையில் பூஞ்சை போனாலும், அது சுரந்த அமிலம் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சில் நரம்பு நரம்பாகப் பதித்த தடம் போகவில்லை. நிலாவைப் பார்க்கும்போது அதனால் மெல்லிய மூட்டம் தெரிகிறது. வேறு வாங்கும்வரை அது பயன்படும்.

பூச்சுக்குப் பணம் செலவிடுவதற்கு முன், கழுவிய ஆடிகளை அப்படியே பொருத்தி வானத்தில் ஒருமுறை பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். இந்த முடிவை யாருக்கும் பரிந்துரைப்பேன். கழுவியதால் எவ்வளவு மீண்டது, பூசுவதால் எவ்வளவு மீளும் என்பதைப் பிரித்தறிய வேறு வழியில்லை. அதோடு பூச்சுக்குச் சம்பந்தமில்லாத கோளாறுகளும் அப்போதுதான் வெளிப்படும். வியாழனின் இரு பெரும் பட்டைகள் தெரிந்தன, ஆனால் கோளைச் சுற்றி ஒளிமூட்டம் இருந்தது. அதைவிட முக்கியமாக, 120 மடங்கு பெருக்கத்தில் ஒரு விண்மீனைக் குவியத்துக்குச் சற்று உள்ளே கொண்டுவந்தால் பிம்பம் மேல்கீழாக நீண்டது. வெளியே கொண்டுபோனால் பக்கவாட்டில் நீண்டது. ஏதோ ஒரு கண்ணாடி வளைந்து நிற்கிறது என்பதற்கு இது தெளிவான அடையாளம்.

எது வளைந்தது என்று கண்டுபிடிக்கும் வரிசை எளிது. முதலில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். நீட்சி தலையோடு சேர்ந்து திரும்பினால் குறை பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. திரும்பவில்லை. கண்ணருகு வில்லையைச் சுழற்றினேன், மாற்றமில்லை. முதன்மை ஆடியைப் பிடிக்கும் மூன்று கவ்விகளும் ஆடியை நெரிக்கின்றனவோ என்று அவற்றைத் தளர்த்தி, கவ்விக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடம் விட்டேன். பிம்பம் சற்றே மேம்பட்டது, ஆனால் நீட்சி போகவில்லை. பிறகு, முன்பு போட்ட பென்சில் குறியை வைத்து முதன்மை ஆடியைக் கிண்ணத்துக்குள் 90 பாகை திருப்பினேன். வளைவு அந்த ஆடியினுடையது என்றால் நீட்சியின் திசையும் திரும்ப வேண்டும். திசை அப்படியே நின்றது. ஆக, கையால் தேய்த்த முதன்மை ஆடியின் மேல் பழி இல்லை என்று தெளிவானது. அதைத் தேய்த்தவர்களின் உழைப்புக்கு அந்த நேரத்தில் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மிச்சமிருந்தது துணை ஆடி. அதன் முதுகு முழுவதும் சிலிகான் பசை பரப்பி மரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. மரம் ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்து உப்பி, 6 மி.மீ. தடிமன் கொண்ட கண்ணாடியைத் தன்னோடு சேர்த்து வளைத்திருந்தது. பசையைக் கத்தியால் நெம்பினால் கண்ணாடி உடையும். தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரம்பம்போல இழுத்து அறுத்தேன். நேரம் பிடித்தது, ஆனால் ஆடிக்கு ஒரு சேதமும் இல்லை. மரத்துக்குப் பதிலாக லேத் பட்டறையில் நைலான் உருளையை 45 பாகையில் வெட்டி வாங்கினேன் (₹350). இரண்டு ஆடிகளும் பூச்சு முடிந்து வந்த பிறகு, துணை ஆடியை இந்த உருளையில் மூன்றே பொட்டுப் பசையால் ஒட்டினேன். இடையே இரண்டு மி.மீ. தடிமனுள்ள குச்சிகளை வைத்து, பசை இறுகியதும் அவற்றை உருவிவிட்டால், கண்ணாடி பசையின் மேல் மிதந்து நிற்கும். வினிகர் வாசனை வரும் சாதாரண சிலிகான் இதற்கு ஆகாது. அதிலிருந்து கிளம்பும் அசிட்டிக் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். கடையில் ‘நியூட்ரல்’ என்று அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்க வேண்டும் (₹280). தூண்டில் நரம்பின் மீதித் துண்டைப் பசையின் பிடி விட்டாலும் ஆடி கீழே விழாதபடி பாதுகாப்புக் கயிறாக உருளையில் கட்டிவிட்டேன்.

பூச்சு வேலைக்கு இரண்டு ஆடிகளையும் பெங்களூரில் உள்ள ஒரு வெற்றிடப் பூச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். பழைய பூச்சை பெரிக் குளோரைடு கரைசலால் நாமே கரைத்தெடுக்கலாம். மின்னணுப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் அதே பொருள்தான். ஆனால் பூச்சுக்கூடத்தார், “நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பழைய பூச்சோடு அப்படியே அனுப்புங்கள்” என்றார்கள். அது சரியான யோசனை, ஏனென்றால் பூச்சில்லாத வெறும் கண்ணாடி வழியில் அழுக்கானால் அவர்களுக்கு இரட்டை வேலை. பொதிகட்டுவதில் ஒரே விதி: ஆடியின் முகத்தை எதுவும் தொடக் கூடாது. ஓரத்தில் 5 மி.மீ. மட்டும் படும்படி அட்டையில் வளையம் வெட்டி வைத்து, அதன் மேல் தட்டையான மூடி போட்டு, ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் நாற்புறமும் இறுக்கமாக நுரைத்தாள் அடைத்தேன். பெட்டிக்கும் போக வர கூரியருக்கும் ₹1,250, பூச்சுக்கு ₹4,600.

அங்கே நடப்பது இவ்வளவுதான். ஆடியைக் கழுவி வெற்றிடக் கலனுக்குள் வைத்து, காற்றழுத்தத்தை வளிமண்டலத்தின் சில கோடியில் ஒரு பங்காகக் குறைத்து, டங்ஸ்டன் இழையில் தொங்கும் அலுமினியத் துண்டுகளை ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி எதிலும் மோதாமல் நேர்க்கோட்டில் போய்க் கண்ணாடியில் படிகிறது. அதன் மேல் சிலிக்கன் மோனாக்சைடு பாதுகாப்புப் படலம் ஒன்றையும் கேட்டுப் பூசச்செய்தேன். கடற்கரை ஊருக்கு அந்தப் படலம் கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. பழைய பூச்சில் அது இருந்ததாகத் தெரியவில்லை. மறுபூச்சு என்றதும் சிலர் கருவியே கெட்டுவிட்டதைப் போலப் பேசுகிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கும் மறுபூச்சு உண்டு. அதற்கான வெற்றிடக் கலன் அங்கேயே இருக்கிறது. ஆடியின் வடிவம் கண்ணாடியில் இருக்கிறது, அலுமினியம் காலந்தோறும் மாற்ற வேண்டிய மேலாடை மட்டுமே. புது அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ 88 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். இரண்டு ஆடிகளில் பட்டு வரும் ஒளி 77 விழுக்காடு. இதற்கு மேல் கூட்டித்தரும் பல்லடுக்குப் பூச்சுகளும் உண்டு, விலையும் கூடும். பள்ளிக் கருவிக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆடிகள் திரும்பி வரும்வரை உலோக வேலைகளை முடித்தேன். கிண்ணத்தின் மூன்று ஸ்பிரிங்குகளும் துருவில் ஒட்டிப்போயிருந்தன. புதிய ஸ்பிரிங்குகளும் துருப்பிடிக்காத எஃகில் 6 மி.மீ. போல்ட்டும் சிறகு நட்டும் சேர்த்து ₹210. ஆடிக்கு அடியிலிருந்த தக்கைத் துண்டுகள் ஈரத்தில் நைந்திருந்ததால், மையத்திலிருந்து 30 மி.மீ. தொலைவில், ஆரத்தில் பத்தில் நான்கு பங்கு என்ற கணக்கில், மூன்று இடங்களில் கம்பளித் துண்டுகளை ஒட்டினேன். குவியம் சரிசெய்யும் பற்சக்கர அமைப்பில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, லித்தியம் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவியதும் அது தடையின்றி ஓடியது. டாப்சன் பெட்டியின் பலகை ஓரங்களில் சற்று உப்பியிருந்தாலும், சன்மைக்கா தகட்டின் மேல் டெஃப்லான் துண்டுகள் வழுக்கும் இடம் நன்றாகவே இருந்ததால் அதைத் தொடவில்லை.

ஆடிகளைப் பொருத்துவதற்கு முன், முதன்மை ஆடியின் நடுவில் ஒரு வளையம் ஒட்டினேன். கோப்புத் தாள்களின் துளையை வலுப்படுத்த ஒட்டும் அதே வெள்ளை வளையம்தான். 150 மி.மீ. வட்டமாகத் தாளை வெட்டி, இரண்டு முறை மடித்து, நுனியை நறுக்கினால் மையத்தில் துளை கிடைக்கும். அந்தத் தாளை ஆடியின் மேல் மெல்ல விரித்து, துளையின் வழியே வளையத்தை ஒட்ட வேண்டும். துணை ஆடியின் நிழல் விழும் இடம் அது என்பதால் பிம்பத்துக்கு இழப்பேதும் இல்லை. இந்த வளையம் இல்லாமல் காலிமேஷன், அதாவது இரண்டு ஆடிகளையும் ஒரே ஒளி அச்சில் நேர்ப்படுத்துவது, வெறும் ஊகம்.

காலிமேஷனுக்கு லேசர் கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தேன். அதை ‘வி’ வடிவத் தாங்கியில் வைத்துச் சுழற்றியபோது சுவரில் விழுந்த சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டது. தன் அச்சே சரியில்லாத கருவி அது என்று தெரிந்ததும் அதை ஒதுக்கிவிட்டு, பழைய 35 மி.மீ. பிலிம் டப்பாவின் அடியில் நடுவே 2 மி.மீ. துளை போட்டுப் பயன்படுத்தினேன். அந்த டப்பா 1.25 அங்குலக் குழாயில் ஏறத்தாழ அளவாக உட்காரும். மூடியைத் திறந்த பக்கம் உள்ளே போகும்படி சொருகி, துளை வழியே பார்த்தேன். முதலில் துணை ஆடி குழாயின் நடுவே வட்டமாகத் தெரியும்வரை அதை முன்பின் நகர்த்தினேன். அடுத்து அதன் மூன்று சிறு திருகுகளால் முதன்மை ஆடி முழுவதும், மூன்று கவ்விகளோடு, உள்ளே தெரியும்படி சாய்த்தேன். கடைசியில் அடியிலுள்ள சிறகு நட்டுகளால், கண் வைத்துப் பார்க்கும் துளையின் பிம்பம் வெள்ளை வளையத்தின் நடுவில் வந்து நிற்கும்படி செய்தேன். எஃப்/8 என்பதால் சிறு பிசகை இது பொறுத்துக்கொள்ளும். எஃப்/5 கருவி வைத்திருப்பவர்கள் இதைவிட நுட்பமாகச் செய்ய வேண்டும்.

இறுதிச் சோதனையை விண்மீனில்தான் செய்ய வேண்டும். குவியத்திலிருந்து சற்று விலக்கினால் விண்மீன் வளையம் வளையமாக விரியும்; அந்த வளையங்கள் சீராக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை. கையேடுகளில் பெரும்பாலும் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்வார்கள், அது அசையாமல் நிற்கும் என்பதால். வடக்கு நாடுகளுக்கு அது பொருந்தும். தூத்துக்குடியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தலைக்கு மேலே இருக்கும் விண்மீனின் ஒளி கடக்கும் காற்றைப்போல ஆறு மடங்கு காற்றைக் கடந்து அதன் ஒளி வருவதால், வளையங்கள் கொதித்துக்கொண்டே இருக்கும். எதையும் மதிப்பிட முடியாது. ஆகவே நள்ளிரவை ஒட்டி நன்றாக உயர்ந்துவிட்ட சித்திரை விண்மீனை எடுத்துக்கொண்டேன். டாப்சன் தாங்கி வானத்தோடு சேர்ந்து சுழலாது. 120 மடங்கில் அந்த விண்மீன் பார்வைப் புலத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 100 விநாடியை ஒட்டிய நேரத்தில் ஓடிவிடும். ஒருவர் பார்க்க, மற்றவர் அடியில் நட்டைத் திருக, ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் விண்மீனை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குழலை வெளியே வைத்து ஒரு மணி நேரமாவது காத்திருந்து, 25 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்த பிறகே இதைத் தொடங்கினோம்.

குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் விளிம்பு விளைவு வளையங்கள் இப்போது ஏறத்தாழ ஒரே மாதிரி வட்டமாகத் தெரிகின்றன. பழைய நீட்சி முற்றிலும் மறைந்துவிட்டது. சிம்மத்தின் இரட்டை விண்மீனான அல்ஜீபா, 4.7 கோண விநாடி (ஒரு கோண விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இடைவெளியோடு, இரண்டு மஞ்சள் புள்ளிகளாக நடுவே கருமை தெரியப் பிரிந்தது. 150 மி.மீ. ஆடியால் நல்ல காற்றில் 0.8 கோண விநாடி வரை பிரிக்க முடியும் என்பதால் அல்ஜீபா கடினமான சோதனையல்ல. ஆனால் பூச்சுக்கு முன்பு அதே விண்மீன் நீண்ட ஒற்றைத் திட்டாகத்தான் தெரிந்தது. வியாழனைச் சுற்றியிருந்த மூட்டம் போய், வடக்குப் பட்டையின் ஓரத்திலுள்ள நெளிவுகள்கூட அவ்வப்போது தெரிகின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, நான்கு நிலாக்களையும் தன் குறிப்பேட்டில் இடம் பார்த்து வரைந்தாள். இவ்வளவு வேலையும் அதற்காகத்தான்.

செலவு எல்லாம் சேர்த்து ₹8,700-ஐ ஒட்டி வந்தது. அதில் ₹1,150 சேமிப்பு ஏற்பாட்டுக்கு. என்னைக் கேட்டால் மிகவும் பயனுள்ள செலவு அதுதான், அதைச் சற்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணருகு வில்லைகளைப் பஞ்சு இல்லாத, ரப்பர் விளிம்பு கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அரைக் கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டிருக்கிறோம். ஈரமானியின் முள் 45 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஜெல் நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து உலர்த்தினால் மீண்டும் பயன்படும். முதன்மை ஆடிக்கு நேரடியாக மேலே பொருந்தும் தட்டை மூடி ஒன்றை அலுமினியத் தகட்டில் செய்து, கிண்ணத்தின் மேல் மாட்டியிருக்கிறோம். அதன் உட்புறத்திலும் ஒரு சிறு ஜெல் பை உண்டு. குழலைப் படுக்கை வசமாக வைத்து, இரு வாயையும் பாலித்தீனுக்குப் பதிலாக நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் மூடியிருக்கிறோம். காற்று போய்வரும், குளவி போகாது.

அடுத்த முறை மாற்றிச் செய்ய விரும்புவது ஒன்று உண்டு. துணை ஆடியை மரத்திலிருந்து பிரிக்கும் வேலையைக் கழுவுவதற்கு முன்பே செய்திருந்தால், மரத்தைப் பிளாஸ்டிக்கில் பொதிந்து கழுவிய சிரமமும், முதல் வானச் சோதனையில் நீட்சியின் மூலத்தைத் தேடிய இரவும் மிச்சமாகியிருக்கும். பழைய கருவி எதிலும் துணை ஆடி மரத்தில் முழு முதுகும் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டால் இனி முதல் நாளே தூண்டில் நரம்பை எடுத்துவிடுவேன். 10 மி.மீ. வில்லைக்கு மாற்று வாங்க மன்றம் நிதி ஒதுக்கியிருக்கிறது. அது வந்ததும் பழையதைச் சூரிய பிம்பத்தை அட்டையில் விழச்செய்வதற்கென்று தனியாக வைத்துவிடப் போகிறோம்; குவிந்த வெயிலின் வெப்பம் வில்லைகளின் ஒட்டுப்பசையைக் கெடுக்கக்கூடும் என்பதால் புதிய வில்லையை அந்த வேலைக்குக் கொடுப்பதில்லை.